கீழ்வீட்டுக்காரர் சாப்பிடாத சூப்

கத்தி பாதியில் நின்றுவிட்டது. கபோச்சா என்கிற ஜப்பானியப் பூசணியின் கரும்பச்சைத் தோலைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கியது. அதற்குமேல் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கைப்பிடியைத் தூக்கினால் காயும் கூடவே எழும்பி வந்தது. ஒன்றரைக் கிலோ காயைக் கத்தி நுனியில் ஏந்தியபடி, திருவிழாவில் வித்தை காட்டுகிறவனைப் போலச் சமையலறையில் நின்றேன்.

அது ஜப்பானில் எனக்கு முதல் குளிர்காலம். தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில், இரண்டு மாடிக் குடியிருப்பின் மேல்வீடு. அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து பறங்கிப் பத்தையைப் பேசிக்கொண்டே துண்டு போடுவதைப் பார்த்து வளர்ந்த தைரியத்தில் முழுக் காயாக வாங்கி வந்துவிட்டேன். இங்கே கடைகளில் அதைப் பாதியாக, காலாக வெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஆரஞ்சுச் சதையும் விதையும் தெரியும்படி அடுக்கி வைத்திருப்பார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கத்தியை இப்படியும் அப்படியுமாக ஆட்டிப் பிடுங்கியபோது, அலகில் ஓர் அரிசி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஜப்பானியக் கத்தியின் எஃகு கடினமானது, அலகு மெல்லியது; நேராக இறக்கினால் எதையும் வெட்டும், பக்கவாட்டில் ஆட்டினால் பொறுக்காது. உடைந்த துணுக்கு காயின் சதைக்குள் மூக்குத்திக் கல் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

காயைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாளை ஒபாசான் என்றுதான் கூப்பிடுவேன். பாட்டி என்று பொருள். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்தார்.

“முழுசாவா வாங்கினீங்க?”

“ஆமாம்.”

“தனியாவா வெட்டினீங்க?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டார். துணுக்கு இருந்த இடத்தைச் சுரண்டி எடுத்துத் தூக்கி எறிந்தார். காயை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தார். வெளியே எடுத்து, காம்புக்குப் பக்கத்தில் கத்தி முனையை மட்டும் செருகி, கைப்பிடியைப் பலகையை நோக்கிக் கீழே அமுக்கினார். அரைவட்டம் திறந்தது. காயைத் திருப்பி மறுபக்கமும் அதே மாதிரி. காம்பை அவர் வெட்டவே இல்லை. கத்தியை வைத்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தைப் பிட்கிற மாதிரி இரண்டு கையாலும் பிரித்தார். உள்ளிருந்து வெள்ளரிப்பழமும் ஈரப்புல்லும் கலந்தாற்போல ஒரு வாசம் வந்தது.

“காம்போட சண்டை போடக் கூடாது. அது கட்டை. தானா விடும்.”

ஜப்பானில் இந்தக் காய்க்கு யாருமே தங்கள் வீட்டுப் பெயரை வைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று கியூஷுத் தீவின் புங்கோ பகுதிக்கு, இன்றைய ஓயித்தாவுக்கு, இதைக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் கம்போடியா என்று பதில். அந்தக் கம்போடியாதான் கபோச்சா. ஒசாகா, கியோட்டோ பக்கம் பழைய ஆட்கள் இதை நன்கின் என்பார்கள்; அது சீனத்து நான்ஜிங் நகரம். பழைய தோக்கியோவில் தோனாசு, அதாவது சீனத்துக் கத்தரிக்காய். கியூஷுவிலோ போபுரா, போர்ச்சுகீசியர் பூசணியைச் சொல்லும் அபோபரா தேய்ந்து நின்றது. ஒரே காய்க்கு மூன்று அந்நிய ஊர், ஓர் அந்நியச் சொல். நாம் இன்னும் சிக்கனம். கொண்டுவந்தவனையே பெயராக்கிவிட்டோம்: பறங்கி கொண்டுவந்த காய், பறங்கிக்காய். காயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம் என்பது பெயர் வைத்த எவருக்கும் தெரியாது. ஒபாசானிடம் பறங்கி என்ற சொல்லை விளக்கியபோது அவர் சிரித்தார். “அப்படின்னா உங்க ஊர்லயும் இது வாடகை வீட்டுக்காரர்தானா?”

ஆனால் அன்றைக்கு என் கத்தியை உடைத்தது அந்தப் பழைய காய் அல்ல. போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது நம் பறங்கிக்கு நெருங்கிய இனம். வரி வரியாகப் பள்ளம் விழுந்தது, சதையில் நீர் அதிகம், வெந்தால் உருக்குலையாது. கியோட்டோவில் அதன் ஒரு வகை, சுரைக்குடுக்கை மாதிரி இடை சிறுத்த ஷிஷிகதானி, இன்றும் விளைகிறது. அங்குள்ள அன்ராக்குஜி கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 25 அன்று அதை வேகவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். சாப்பிட்டால் பக்கவாதம் அண்டாது என்று நம்பிக்கை. இப்போது கடையில் கபோச்சா என்று விற்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனம். சதையில் மாவு அதிகம், தோல் மரப்பட்டை.

அந்த இனம் வேரூன்றிய இடம் வடக்கே ஹொக்கைடோ. அய்னு மக்களின் அந்தத் தீவை மெய்ஜி அரசு 1869இல் ‘வளர்ச்சித் துறை’ ஒன்றை அமைத்துத் தன் காலனியாக்கிக்கொண்டது. எடுத்த நிலத்தில் என்ன செய்வது என்று சொல்ல அமெரிக்க நிபுணர்களை வரவழைத்தார்கள். 1871இல் ஹோரஸ் கேப்ரன் வந்தார். 1873இல் எட்வின் டன் என்ற கால்நடைக்காரர் வந்து சப்போரோவுக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை போட்டார். நெல் விளையாத குளிருக்கு அமெரிக்க விதைகள், அரிசி சாப்பிடுகிறவர்களுக்குப் பாலும் வெண்ணெயும் என்பது அன்றைய கனவு. கபோச்சா சூப்பில் சேர்கிற மூன்று முக்கியமான பொருள்கள் காய், வெண்ணெய், பால். மூன்றும் அந்த ஒரே கனவின் பிள்ளைகள். ஜப்பானிய வீட்டுச் சமையல் என்று இன்று சொல்லிக்கொள்கிற இந்தச் சூப்புக்கு வயது அவ்வளவுதான். தீவை இழந்தவர்களை யாரும் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் நினைப்பதில்லை. நானும் பல வருஷம் நினைத்ததில்லை.

அங்கே அந்தக் காலத்தில் விளைந்த ஒரு வகைக்கு மசகாரி கபோச்சா என்று பெயர். மசகாரி என்றால் கோடாலி. கத்தி பலிக்காது, கோடாலியால்தான் பிளக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் கத்திக்காக நான் வெட்கப்படுவதை நிறுத்தினேன்.

இவ்வளவு கெட்டியான காய் பல் இல்லாதவர் குடிக்கிற பண்டமாக மாறுவதில் அடுப்புக்குப் பங்கு பாதிதான். மீதிப் பாதியைக் காய் தனியாக, ஒரு மூலையில் கிடந்தே செய்துகொள்கிறது. ஹொக்கைடோவில் அறுவடை ஆகஸ்டு முதல். பறித்த கையோடு வெட்டி வேகவைத்தால் இனிக்காது, வெறும் மாவு. காம்பு வெட்டிய இடம் காயும்வரை காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைக்கிறார்கள். பிறகும் வாரக்கணக்கில் கிடக்கும்போது, காய்க்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தை அரித்து அரித்துச் சர்க்கரையாக்குகின்றன. நமக்கு இரட்டைக்கிளவி மாதிரி, ஜப்பானியர்களுக்கும் வாய்க்குள் நடப்பதைச் சொல்ல ஒலிச்சொற்கள் ஏராளம். முதலில் காய் ‘ஹொக்குஹொக்கு’, அவித்த மரவள்ளி மாதிரி உதிரும். பிறகு ‘நெத்தோரி’, நாக்கில் ஒட்டி வழுக்கும். அதற்கும் பிறகு மாவெல்லாம் தீர்ந்து, நார் நாராக, தண்ணீர்க் காயாகிவிடும். சூப்புக்கு இரண்டாவதும் முதலும் சந்திக்கிற நாட்கள்தான் சரி. மாவு மிச்சம் இருந்தால்தான் சூப்பு தானாகக் கெட்டிப்படும். சர்க்கரை வந்திருந்தால்தான் சர்க்கரை போட வேண்டாம்.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒபாசான் காம்பைத் தொட்டுப் பார்ப்பார். பச்சை போய், பாட்டில் தக்கை மாதிரி உலர்ந்து வெடித்திருக்க வேண்டும். பிறகு காயைக் கவிழ்த்து, தோலில் தரையைத் தொட்டுக் கிடந்த இடத்தைத் தேடுவார். கரும்பச்சைக்கு நடுவே ஒரு திட்டு இருக்கும். அது வெளிர் மஞ்சளாக இருந்தால் வைத்துவிடுவார். நல்ல ஆரஞ்சாக இருந்தால் கூடையில் போடுவார். வெட்டிய துண்டாக இருந்தால் விதை பருத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். விதை சப்பையான காய் பிஞ்சிலேயே பறித்தது.

ஜப்பானியக் கதைகூறல் கலையான ரகுகோவில் கபோச்சா விற்கிற கதை ஒன்று உண்டு. யோத்தாரோ என்ற அசட்டுப் பையனை அவன் மாமா காய் விற்க அனுப்புகிறார். அடக்க விலையைச் சொல்லி, “மேலே பார்த்து விற்றுக்கொண்டு வா” என்கிறார். கொஞ்சம் லாபம் வைத்து விற்பதற்கு ஜப்பானியில் அப்படித்தான் சொல்லுவார்கள். பையன் எல்லாக் காயையும் அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். கேட்டபோது எனக்கு நம் பரமார்த்த குருவின் சீடர்கள் ஞாபகம் வந்தார்கள். அசடனின் தலையில் தூக்கிவைக்கக் கபோச்சாவைவிடப் பொருத்தமான காய் கிடையாது. வசவுகளிலும் அதுதான் வருகிறது. ஒன்றுக்கும் உதவாதவனை ‘கரைமேட்டுக் கபோச்சா’ என்று திட்டுகிறார்கள். அவலட்சணமான முகத்தைக் ‘கபோச்சாவுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தது’ என்கிறார்கள்.

சரி, சூப்பு.

காயில் கால் பாகம் போதும், இரண்டு மூன்று பேருக்கு வரும். விதையும் நாரும் போய், தோல் சீவியபின் சதை 400 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தோலை முழுக்கச் சீவினால்தான் மஞ்சள் பளிச்சென்று வரும். கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தால் சூப்பு பாசிபடிந்த நிறத்துக்கு இறங்கும், ருசியில் குறையில்லை. வெங்காயம் சிறியதாக இருந்தால் ஒன்று. இங்கே வெங்காயம் எல்லாமே பெரியது, அதனால் பாதி. வெண்ணெய் 20 கிராம். தண்ணீர் 300 மில்லி, பால் 200 மில்லி, உப்பு.

இவற்றில் வெங்காயத்திடம்தான் நிற்க வேண்டும். என் கை பழகிய முறை, எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டுச் சுரீர் என்ற சத்தத்தைக் கேட்பது. தாளிக்கிற ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் சமையல் தொடங்குவதே இல்லை. ஒபாசான் அதைக் கேட்டு முகம் சுளித்தார். அவர் முறையில், மெல்லிசாக நறுக்கிய வெங்காயமும் வெண்ணெயும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே பாத்திரத்துக்குள் போய்விடும். சிறு தீ, மூடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் கோத்திருக்கும் நீரைப் பாத்திரத்துக்குள்ளேயே உதறிவிட்டு, மர அகப்பையால் புரட்டி, மறுபடி மூடுவார். சத்தமே இல்லை. வெங்காயம் சிவக்காது, கருகாது. தன் வேர்வையிலேயே வெந்து கண்ணாடியாகிவிடும். பிறகு கபோச்சாத் துண்டுகளும் அதே மாதிரி, தண்ணீர் இல்லாமல் ஐந்து நிமிடம். அதற்கப்புறம்தான் தண்ணீர்.

இந்த முறையை அவர் தாத்சுமி யோஷிகோவின் புத்தகத்தில் கற்றதாகச் சொன்னார். ‘முராஷி இத்தாமே’ என்று பெயர். வதக்கலும் புழுக்கலும் சேர்ந்தது. தாத்சுமி 1924இல் பிறந்தவர், காமகுராவில் வாழ்ந்து சமையல் கற்றுக்கொடுத்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெந்ததை அரைக்க நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனேன். கொதிக்கக் கொதிக்க ஜாரை நிரப்பி, மூடியை அழுத்திப் பிடித்து, பொத்தானைத் தட்டினேன். சூடான தக்காளியை அப்படி அரைத்து அனுபவப்பட்டவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஒபாசான் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே ஒரு மஞ்சள் திட்டு. அவர் அதைத் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சல்லடையை எடுத்தார். வட்ட மரச்சட்டம், வலை குதிரைமுடியில் நெய்தது. கவிழ்த்து வைத்து, வலையின் கட்டங்கள் தனக்கு நேரே சதுரமாக இல்லாமல் வைரமாகத் தெரியும்படி திருப்பினார். கட்டம் சாய்ந்திருந்தால்தான் காய் இழையில் சிக்காமல் வெட்டுப்பட்டு இறங்குமாம். அகப்பையின் முதுகால் அழுத்தித் தன் பக்கமாக இழுத்தார். வலையின் அடிப்பக்கம் கபோச்சா மஞ்சள் நூல் நூலாக இறங்கித் தொங்கியது. அப்புறம் அப்படியே கனம் தாங்காமல் விழுந்தது. ஐம்பது இழுப்பு இருக்கும். எனக்குக் கொடுத்தபோது பத்து இழுப்பிலேயே மணிக்கட்டு வலித்தது.

இப்போதெல்லாம் நான் மிக்ஸியில்தான் அரைக்கிறேன். ஆறவைத்து, பாதி ஜார். வித்தியாசம் தெரியுமா என்றால் தெரியும். மிக்ஸி காற்றை அடைக்கிறது, சூப்பு நுரைத்து நிறம் வெளுக்கிறது. சல்லடையில் இறங்கியது அடர்ந்து, பட்டுத்துணி மடிப்பு மாதிரி விழும். தினமும் அலுவலகம் போகிறவனுக்குப் பட்டு எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

க்ரீம் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் கிடையாது. உணவகங்களில் இந்தச் சூப்பைக் கேட்டால் மேலே வெள்ளைக் க்ரீமைச் சுழித்து, நடுவில் பார்ஸ்லி தூவிக் கொண்டுவருவார்கள். ஜப்பானில் பிரெஞ்சுச் சொல்லான பொத்தாஜு என்றாலே கெட்டிச் சூப்புதான், தெளிந்தது கொன்சொமே. பிரெஞ்சுக்காரர்களே இப்படிக் கறாராகப் பிரிப்பதில்லை. கெட்டி என்று பெயர் வாங்கிவிட்டதால், காய் கெட்டியாக இல்லாத நாளில் க்ரீம் வந்து பேரைக் காப்பாற்றுகிறது. நீர்த்துப்போன காயும், அவசரத்தில் வதக்கிய வெங்காயமும், கரைத்துப் போட்ட கொன்சொமே கட்டியும் அந்த வெள்ளைச் சுழிக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். முதல் வாய் பிரமாதம், நாலாவது வாயில் வெறும் கொழுப்பு. சரியான நாளில் வெட்டிய காய்க்குப் பால் போதும். பாலை ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் ஆவி எழும்போதே இறக்கிவிட வேண்டும். உப்பு கடைசியில். ஒபாசான் அரைக் கரண்டி வெள்ளை மிசோவை (புளிக்கவைத்த சோயா விழுது) கரைத்துச் சேர்ப்பார். என்ன சேர்த்தார் என்று குடிப்பவருக்குத் தெரியாது, சேர்க்காவிட்டால் தெரியும்.

எங்கள் ஊரில் பறங்கிக்காயை வேகவைத்து, பாலும் வெல்லமும் சேர்த்துப் பால்கூட்டு என்று செய்வார்கள் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “அந்தக் காய்க்குப் பால் பிடிக்கும்” என்றார், ஏதோ அடுத்த வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டின் மிகக் குறுகிய பகல். தோஜி என்பார்கள். அன்றைக்கு யூசு என்ற எலுமிச்சைவகைப் பழங்களை மிதக்கவிட்ட வெந்நீரில் குளித்துவிட்டுக் கபோச்சா சாப்பிட்டால் குளிர்காலத்தில் சளி பிடிக்காது என்பது வழக்கம். பெரும்பாலும் செம்பயறு மாதிரியான அஸுகியோடு சேர்த்து வேகவைப்பார்கள். சூப்பு இந்தத் தலைமுறைக் குறுக்குவழி. வழக்கத்துக்கு ஒரு சொல் விளையாட்டும் காரணம். ‘ன்’ என்ற ஒலி இரண்டு முறை வருகிற பண்டங்களைச் சாப்பிட்டால் ‘உன்’, அதாவது அதிர்ஷ்டம், சேருமாம். ரென்கோன் தாமரைக்கிழங்கு, நின்ஜின் கேரட், கின்கன் குட்டி ஆரஞ்சு, கன்தென் கடற்பாசி. கபோச்சாவுக்கு ‘ன்’ இல்லை. ஆனால் நன்கினுக்கு இரண்டு உண்டு. அந்நிய ஊர்ப் பெயர் அன்றைக்கு ஒருநாள் உதவுகிறது.

காய் நீண்ட நாள் தாங்கும் என்பதுதான் உண்மையான காரணம். கோடையில் பறித்தது பனிக்காலத்தில் கைகொடுக்கும். இப்போது அந்தக் கணக்கும் மாறிவிட்டது. தோஜிக்கு முந்தைய வாரம் கடையில் விலைச்சீட்டைப் படியுங்கள். பல நேரம் மெக்ஸிகோ என்று இருக்கும். அங்கே சொனோரா பாலைநிலத்தில் ஜப்பானுக்கென்றே கபோச்சா பயிராகிறது. பிப்ரவரிக்கு மேல் நியூசிலாந்து. 1980களின் இறுதியில் பசிபிக்கின் சிறு தீவுநாடான டோங்கா இந்தக் காயை ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கி, பல ஆண்டுகள் அதுவே அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்துக் காய் ஆசியாவைச் சுற்றி வந்து, ஜப்பானியப் பெயரும் விதையும் வாங்கிக்கொண்டு, அமெரிக்கக் கண்டத்திலேயே விளைந்து மறுபடி கப்பல் ஏறுகிறது. சளி பிடிக்காமல் இருக்க.

அந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு கிண்ணத்தில்தான் சூப்பை ஊற்றினார் ஒபாசான். வீட்டுக்காரர் பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்று கேட்டேன். “அப்பா சாப்பிட மாட்டார்” என்றார். கணவரைத்தான் சொன்னார். பிள்ளைகள் பிறந்தபின் கணவனை ஒத்தோசான், அப்பா, என்றே கூப்பிடுவது இங்கே வழக்கம். நம் வீடுகளில் பிள்ளைகள் பெயரைச் சொல்லி அவங்கப்பா என்பதற்கு இரண்டு படி மேலே.

ஏன் என்பதைக் கணவரே ஒருநாள் சொன்னார். 1935இல் தோக்கியோவில் பிறந்தவர். 1944 கோடையில் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற வகுப்பு வகுப்பாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை. அவருடைய வகுப்பு நகானோ மலைப்பக்கம் ஒரு கோயிலுக்குப் போனது. அரிசிப் பங்கீடு 1941இல் தொடங்கியபோது வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்கு 330 கிராம். 1945இல் அதுவும் குறைந்தது, அதிலும் அரிசி என்ற பெயரில் கிழங்கும் கபோச்சாவும் எடைபோட்டுக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் கபோச்சாக் கொடி. வரப்பில், ரயில்பாதை ஓரத்தில், கூரைமேல். நகரங்களில் குண்டு விழுந்து எரிந்த மனைகளிலும் அதைத்தான் நட்டார்கள். உரம் கேட்காத, கவனிப்பு கேட்காத காய். ஆனால் அவசரத்தில் பறித்தது, காத்திருக்க நேரமில்லாதது. தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காலையில் கபோச்சா, இரவில் கபோச்சா. கொடியின் தண்டு, இலை, விதை எதுவும் மிஞ்சவில்லை.

“உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு” என்று கையை விரித்துக் காட்டினார். “எல்லாப் பையன்களுக்கும். ராத்திரி விளக்கு கிட்ட வச்சுப் பார்ப்போம், யாருக்கு அதிகம்னு. எனக்குத்தான் முதல் இடம்.” சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு ஆயுளுக்கு வேண்டிய கபோச்சாவை அப்போதே சாப்பிட்டுவிட்டேன் என்றார். அவர் வயது ஆண்கள் பலர் இதே வாக்கியத்தைச் சொல்லுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது, விழுங்குவது சிரமமாயிற்று. விழுங்க முடியாதவருக்குச் சோறு ஆபத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோற்றைவிடத் தண்ணீர் ஆபத்து. நீர்த்தது தொண்டையில் நிற்காமல் ஓடி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டுவிடும். அப்படி இறப்பவர்களுக்கு ஜப்பான் அரசின் மரணக் கணக்கில் தனி வரிசையே உண்டு. அதனால் தேநீருக்குக்கூட மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். கெட்டியாக, மெதுவாக, ஒரே சீராக இறங்குகிற உணவு வேண்டும். சல்லடையில் இழுத்த பொத்தாஜு அதற்கென்றே செய்த மாதிரி.

தாத்சுமி யோஷிகோவின் கதையும் அதுதான். பக்கவாதத்தில் விழுந்த தன் தந்தைக்கு விழுங்க முடியாமல் போனபோது, சுமார் எட்டு ஆண்டு அவர் சூப்பு செய்து கொண்டுபோனார். அதிலிருந்து பிறந்ததுதான் 2002இல் வந்த அவருடைய சூப்புப் புத்தகம். 2012இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. மருத்துவமனைகளில் அந்த முறைச் சூப்பைச் செய்து கொடுக்கிறார்கள். ஒபாசானிடம் இருப்பது பழுப்பேறிய பிரதி. பக்கங்களில் வெண்ணெய்க் கறை. இருபது வருஷத்துக்கு முன் தனக்காக வாங்கியது.

போன தோஜி அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். என் பங்குக்குச் சல்லடை இழுத்தேன். இப்போது முப்பது வரை தாக்குப்பிடிக்கிறேன். மூன்று கிண்ணம் எடுத்துவைத்தார். நான் பார்த்ததைப் பார்த்து, “வாசனை மாறிடுச்சு, மிசோ போட்டிருக்கேன். கண்டுபிடிக்க மாட்டார்” என்றார். கட்டில் தலைமாட்டை உயர்த்தி, கழுத்தடியில் துண்டு கட்டி, நாக்கின் நடுவில் படும்படி சின்னக் கரண்டியில் கொண்டுபோனார். “அப்பா, சூப்பு.”

அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைப் பார்த்தார். பிறகு நடமாட்டமுள்ள இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, உள்ளங்கையை எங்கள் பக்கம் விரித்துக் காட்டினார். விளக்குக்குக் கிட்டே.

ஒபாசான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். நான் உருளைக்கிழங்குத் தோலைச் சீவினேன், அவர் வெங்காயம் நறுக்கினார். குளிர்ந்த பாத்திரம், வெண்ணெய், சிறு தீ, மூடி. நாற்பது நிமிடம் ஆயிற்று. அதை அவர் முழுக் கிண்ணமும் சாப்பிட்டார். கபோச்சா சூப்பை நாங்கள் இருவரும் மறுபடி சுடவைத்துக் குடித்தோம். மூன்றாவது கிண்ணத்தை நான் மேலே எடுத்துவந்து மறுநாள் காலையில் ரொட்டியோடு சாப்பிட்டேன்.